இன்னும் உண்ணாதவர் யார்?

தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை போகும் சாலையில், ஒரத்தநாட்டில், முக்தாம்பாள் சத்திரம் நிற்கிறது. தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி தம் துணைவியின் நினைவாக எழுப்பியது அது. அந்தச் சத்திரத்தைக் கடந்து போகும்போதெல்லாம், இத்தகைய அறநிலையங்களைப் பற்றி அதே மன்னர் 1801-இல் தஞ்சையிலிருந்த ஆங்கிலேயப் பிரதிநிதிக்கு எழுதிய கடிதம்தான் எனக்கு நினைவுக்கு வரும். 1799-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி நாட்டின் நிர்வாகம் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்குப் போய்விட்டது. வரி போயிற்று, படை போயிற்று, நீதி வழங்கும் உரிமையும் போயிற்று. அத்தனையையும் இழந்த மன்னர், சத்திரங்களை மட்டும் தம் பொறுப்பிலேயே விட்டுவிட வேண்டும் என்று கேட்டு, அங்கே என்னென்ன நடக்கின்றன என்பதை வரிசையாக விளக்கி எழுதுகிறார்.

பிராமணர் முதல் பறையர் வரை வழிப்போக்கர் எவராயினும் சோறு உண்டு. சமைத்த சோற்றை உண்ண விரும்பாதவர்களுக்கு அரிசியும் மளிகைச் சாமான்களும் உண்டு. நோயில் விழுந்தவர்களுக்கு மருந்தும், நோய்க்கு ஏற்ற பத்திய உணவும் கொடுக்கப்படும். நோய்களுக்கும் வீக்கங்களுக்கும் விஷக்கடிக்கும் மருத்துவம் தெரிந்தவர்கள் பெரிய சத்திரங்களில் இருப்பார்கள். வந்த இடத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளைச் சத்திரத்து வாத்தியார் பொறுப்பில் ஒப்படைத்து, மூன்று வேளைச் சோறும் நான்கு நாட்களுக்கு ஒருமுறை எண்ணெய்க் குளியலும் தந்து வளர்ப்பார்கள். கைக்குழந்தைகளுக்குப் பால் உண்டு. பிள்ளைத்தாய்ச்சிகளுக்குத் தனிக் கவனிப்பு உண்டு. இவை எல்லாவற்றுக்கும் நடுவே ஒரு வரி வருகிறது. சோறு வழங்குவது நள்ளிரவு வரை தொடரும் என்றும், நள்ளிரவில் ஒரு மணி அடித்து, இன்னும் உண்ணாதவர் எவரேனும் இருந்தால் வந்து உண்ணும்படி கூவி அழைப்பார்கள் என்றும் அந்த வரி சொல்கிறது.

அந்த மணியைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். பசி என்று வந்து நின்றவனுக்குச் சோறு போடுவது உலகத்தில் எல்லாச் சமூகங்களும் அறிந்த தர்மம். வந்து நிற்காதவனைத் தேடுவது வேறு. களைத்துப்போய்த் திண்ணையில் உறங்கிவிட்டவர், கூச்சத்தால் ஒதுங்கியிருப்பவர், ஊரும் மொழியும் புரியாமல் வெளியே நிற்பவர், தன்னை உள்ளே விடமாட்டார்கள் என்று தானே முடிவுகட்டிக்கொண்டவர் ஆகிய இவர்களெல்லாம் இருக்கிறார்கள் என்பதை முன்கூட்டியே நினைத்துப் பார்த்த ஒருவர்தான் அப்படியொரு மணியை ஏற்படுத்தியிருக்க முடியும். மனிதநேயப் பணி என்று இன்று நாம் சொல்வதை அளக்க எனக்குத் தெரிந்த அளவுகோல் இது ஒன்றுதான். எத்தனை பேருக்குக் கொடுத்தோம் என்பதைவிட, யார் விடுபட்டார்கள் என்று யார் தேடினார்கள் என்பதே என் கேள்வி.

அந்தச் சத்திரங்களைப் பொற்காலமாக்கிக் காட்ட நான் இதை எழுதவில்லை. இறந்தவர்களுக்கு அவரவர் சாதி வழக்கப்படி ஈமக்கடன் செய்யப்படும் என்று அதே கடிதம் சொல்கிறது. சாதி அங்கே சாப்பாட்டிலும் இருந்தது, சாவிலும் இருந்தது. அந்தச் சோற்றுக்கான நெல்லை விளைவித்த பண்ணையாள் தன் சேரியில் என்ன சாப்பிட்டான் என்று அந்தக் கடிதம் பேசவில்லை. அவனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சரபோஜியைச் சிறுவயதில் காத்து, படிக்க வைத்தவர்களில் முக்கியமானவர் கிறிஸ்தியான் பிரெடரிக் சுவார்ட்ஸ் என்ற ஜெர்மானியப் பாதிரியார். 1750-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கியவர், திருச்சியிலும் தஞ்சையிலும் வாழ்ந்து 1798-இல் தஞ்சையிலேயே மறைந்தார். ஹைதர் அலியின் படையெடுப்பால் 1781-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தஞ்சைச் சீமை பஞ்சத்தில் விழுந்தது. கோட்டைக்குள் உணவில்லை, காலைதோறும் தெருக்களில் பிணங்கள் கிடந்தன. வெளியே நெல் இருந்தது. ஆனால் அதைக் கோட்டைக்குக் கொண்டுவர வண்டிமாடு தர எந்தக் குடியானவரும் முன்வரவில்லை. முன்பெல்லாம் ஆட்சியாளர்கள் வாங்கிக்கொண்டு பணம் கொடுக்காமல் ஏமாற்றியிருந்தார்கள். அப்போது மன்னர் துளஜாஜி, கும்பினி அதிகாரி ஒருவரிடம், நீங்களும் நானும் நம்பிக்கையை இழந்துவிட்டோம், குடிகள் சுவார்ட்ஸை நம்புகிறார்களா என்று பார்ப்போம் என்று சொல்லி, ஒன்றும் எழுதாத வெற்றுத்தாளை அவருக்கு அனுப்பி, மக்களுடன் என்ன ஒப்பந்தம் வேண்டுமானாலும் செய்துகொள்ளும் அதிகாரத்தைக் கொடுத்தார்.

சுவார்ட்ஸ் சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் கடிதம் எழுதினார். விலையைத் தன் கையாலேயே கொடுப்பதாகவும், எதிரிகள் மாட்டைப் பிடித்துக்கொண்டால் அந்த மாட்டுக்கும் பணம் தருவதாகவும் வாக்களித்தார். ஓரிரு நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகள் வந்து சேர்ந்தன. அவருடைய உபதேசியார்கள் உயிரைப் பணயம் வைத்து நாட்டுப்புறத்துக்குப் போய் 80,000 கலம் தானியத்தைக் கோட்டைக்குக் கொண்டுவந்தார்கள். எல்லாம் முடிந்ததும் அவர் ஒருவர் விடாமல் கணக்குத் தீர்த்து, மேற்கொண்டு சிறிய அன்பளிப்பும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்.

கோட்டைக்குள் இருந்தவர்களில் கும்பினியின் சிப்பாய்களும் உண்டு என்பதையும், அந்த நெல் போருக்கும் உதவியது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் என்னைத் தொடுவது அந்தக் குடியானவர்களின் முடிவு. நிறம் வேறு, மதம் வேறு, பிறந்த நாடு வேறு என்றிருந்த ஒருவருடைய சொல்லை நம்பி, போர் நடக்கும் நாட்டில், தங்கள் வாழ்வுக்கே ஆதாரமான மாட்டை அவிழ்த்துக் கொடுத்தார்கள். தங்கள் சொந்த மன்னரைவிட ஒரு அந்நியரை அவர்கள் நம்பியதற்குக் காரணம், அவர் நல்லவராகத் தோன்றியது மட்டும் அல்ல. பல ஆண்டுகள் அவர்களிடையே தமிழில் பேசி, சொன்னதைச் செய்து காட்டியிருந்தார். பண்பாடுகளைத் தாண்டிக் கருணை செல்லும் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நம்பிக்கை இருந்தால்தான் அது தாண்டும்; நம்பிக்கையோ கணக்குத் தீர்க்கும் நாளில்தான் பிறக்கிறது. சுவார்ட்ஸ் மறைந்தபின் சரபோஜி இங்கிலாந்துச் சிற்பி ஜான் பிளாக்ஸ்மனைக் கொண்டு பளிங்கில் நினைவுச் சிற்பம் செய்வித்து, தஞ்சைக் கோட்டைக்குள் இருக்கும் தேவாலயத்தில் வைத்தார். இந்து மன்னர் கிறிஸ்தவப் பாதிரியாருக்குச் செய்த அந்த மரியாதையை இன்றும் போய்ப் பார்க்கலாம்.

நான் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். 2004 டிசம்பர் 26 அன்று அரையாண்டு விடுமுறை. அன்று காலை சுமத்திராவை ஒட்டிய கடலடியில் ஏற்பட்ட நிலநடுக்கம் 9 மணியளவில் நாகப்பட்டினம் கரையில் அலையாக ஏறியது. அன்றைய நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். தமிழ்நாட்டின் மொத்த இழப்பில் பெரும்பகுதி எங்கள் கரையில்தான். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் என்பதால் வேளாங்கண்ணியில் வெளியூர் யாத்ரீகர்கள் நிறைந்திருந்தார்கள். அக்கரைப்பேட்டையிலும் கீச்சாங்குப்பத்திலும் வீட்டுக்கு வீடு சாவு. பேர் தெரியாத உடல்களைச் சேர்த்துக் குழியில் இறக்கியவர்களில் எல்லா மதத்து இளைஞர்களும் இருந்தார்கள். அந்த நாட்களில் அவர்கள் செய்ததை அரசாங்கமோ எந்தப் பெரிய நிறுவனமோ தனியாகச் செய்திருக்க முடியாது.

டெல்டாவின் வடக்கு ஓரத்தில், கொள்ளிடத்தையும் தாண்டிய பரங்கிப்பேட்டையில், முஸ்லிம் ஜமாஅத்தார் சுற்றியிருந்த மீனவக் கிராமத்து மக்களை அழைத்துத் தங்கவைத்து, நாள்கணக்காக வேளை தவறாமல் சமைத்துப் போட்டார்கள். யாரும் போய்ச் சொல்லி அவர்கள் அதைத் தொடங்கவில்லை. நோன்பு மாதத்தில் பள்ளிவாசலில் காய்ச்சும் கஞ்சியை வாங்க அண்டைத் தெருவின் இந்துப் பிள்ளைகளும் தூக்குவாளியோடு வரிசையில் நிற்பது எங்கள் பக்கத்து ஊர்களில் சாதாரணக் காட்சி. பெரிய அண்டாவில் அரிசியும் பருப்பும் வெந்தயமும் பூண்டும் போட்டு மதியம் முதலே கிளறிக்கொண்டிருப்பார்கள். ஊற்றுகிற கை யாருடைய பிள்ளை என்று பார்ப்பதில்லை. ஆண்டுதோறும் அந்தக் கஞ்சி ஊற்றிப் பழகிய கைகளுக்கு, பேரிடர் நாளில் நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சமைப்பது புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டிய வேலையாக இருக்கவில்லை. 1859-இல் இத்தாலியின் சொல்பெரினோ போர்க்களத்தில் காயம்பட்டவர்களைப் பார்த்துப் பதறிய ஹென்றி துனாந்தால் செஞ்சிலுவை இயக்கம் பிறந்தது என்று பள்ளியில் பாடம் நடத்துவோம். அவருக்கு உடனிருந்தவர்கள் பக்கத்து ஊரான காஸ்டிலியோனேயின் பெண்கள். எந்தப் படையைச் சேர்ந்தவன் என்று பாராமல், எல்லாரும் உடன்பிறந்தவர்களே என்று சொல்லிக் காயங்களைக் கழுவினார்கள். நிறுவனம் பிற்பாடு வந்தது. பக்கத்து ஊர் முதலில் வந்தது. பரங்கிப்பேட்டையும் காஸ்டிலியோனேயும் ஒன்றையொன்று அறியாத இரண்டு ஊர்கள்.

பிறகு லாரிகள் வந்தன. நாடெங்கிலுமிருந்து, கடல்கடந்த நாடுகளிலிருந்தும் வந்தன. அனுப்பியவர்களின் நல்லெண்ணத்தை நான் ஒருநாளும் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் வந்தவற்றில் பெரும்பகுதி பழைய துணி. நாகையின் சாலையோரங்களில் அது மலையாகக் குவிந்தது. ஊக்கு இல்லாத ரவிக்கைகள், குளிர் நாட்டுக் கம்பளிச் சட்டைகள், சாயம் போன சேலைகள் என்று கிடந்தவற்றைப் பனி நனைத்தது, மாடுகள் மிதித்தன. மீனவக் குடும்பத்துப் பெண்கள் அந்தக் குவியலின் பக்கம் திரும்பவே இல்லை. கடலில் உழைத்துச் சம்பாதித்து நல்லது உடுத்தி வாழ்ந்தவர்கள் அவர்கள். எல்லாம் போன மறுவாரத்திலேயே ஊரார் கழித்துப்போட்டதைக் குனிந்து பொறுக்கு என்றால் அவர்கள் எப்படிப் பொறுக்குவார்கள்?

சில வாரங்களுக்குப் பிறகு, குடும்பங்களுக்கு என்ன தேவை என்று கேட்டு எழுதும் வேலையில் நானும் சேர்ந்திருந்தேன். ஒரு தற்காலிகக் குடியிருப்பில், தார்ப்பாய்ச் சுவரை ஒட்டி உட்கார்ந்திருந்த வயதான அம்மா ஒருவர் என் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கணவர் முன்பே இறந்தவர். கட்டுமரமோ வலையோ அவர் பெயரில் எதுவும் இல்லை. ஆகவே படகு இழந்தோர் பட்டியலில் அவர் இல்லை. துணி வேண்டுமா, பாய் வேண்டுமா என்று கேட்டேன்.

"அதெல்லாம் கெடக்கு டீச்சரம்மா. எனக்கு ஒரு அன்னக்கூடை வாங்கிக் குடுங்க. ஏலத்துல மீன் எடுக்கக் கையில கொஞ்சம் காசு வேணும். நான் தெருத்தெருவாப் போயி வித்துப் பொழச்சுக்குவேன்."

அலுமினிய அன்னக்கூடை ஒன்று. அவ்வளவுதான் அவருடைய தொழிலின் முதல். அதுவும் அலையில் போய்விட்டது. கடல் மீனைத் தின்னவே மக்கள் அஞ்சிய மாதங்கள் அவை. விற்பதும் எளிதாக இருந்திருக்காது. ஆனாலும் அவர் கேட்டது பிழைக்கும் வழியை. அதற்கு மறுபக்கத்தில், படகுகள் தேவைக்கு மேல் வந்து இறங்கிய ஊர்களும் உண்டு. படகு என்றால் கொடுத்தவர்கள் அதன்மேல் பெயர் எழுதலாம், படம் எடுக்கலாம். அன்னக்கூடையில் யார் பெயர் எழுதுவார்கள்? கருவாடு போட்ட பெண்கள், கரையில் கூலிக்கு வலை இழுத்தவர்கள், கடல்நீர் புகுந்து உப்பேறிய வயல்களில் வேலை இழந்த தலித் கூலிகள், கழிமுகங்களில் இறால் பிடித்து வாழ்ந்த இருளர்கள் எனக் கடலால் எல்லாவற்றையும் இழந்தும் 'மீனவர்' என்ற தலைப்பில் அடங்காதவர்கள் எத்தனையோ பேர். சில முகாம்களில் தலித் குடும்பங்கள் ஒன்றாக இருக்கவும் ஒரே தொட்டியில் நீர் பிடிக்கவும் விடப்படவில்லை என்பதும் அப்போதே பதிவானது. அலை சாதி பார்க்கவில்லை, நிவாரணம் பார்த்தது. இதை எழுதும்போது இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

செஞ்சிலுவை இயக்கமும் பல தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து 1994-இல் ஏற்றுக்கொண்ட நடத்தை விதிகள் பத்து. இனம், மதம், நாடு பாராமல் தேவையை மட்டுமே பார்த்து உதவ வேண்டும். உதவி பெறுகிறவர்களையும் திட்டமிடுவதில் சேர்க்க வேண்டும். பணம் கொடுத்தவர்களுக்கு மட்டுமல்லாமல் உதவி பெற்றவர்களுக்கும் கணக்குச் சொல்ல வேண்டும். விளம்பரத்தில் அவர்களை நாதியற்ற பொருள்களாகக் காட்டாமல் மானமுள்ள மனிதர்களாகக் காட்ட வேண்டும் என்பவை அவற்றுள் சில. இவற்றைப் பின்னாளில் படித்தபோது, சத்திரத்து மணியும் சுவார்ட்ஸின் கணக்கும் அந்த அன்னக்கூடையும் வேறு மொழியில் எழுதப்பட்டிருப்பதாகவே எனக்குத் தோன்றியது. நாகையில் 2005 ஜனவரியிலேயே தொண்டு நிறுவனங்களுக்கான ஒருங்கிணைப்பு மையம் ஒன்று மாவட்ட நிர்வாகத்தின் துணையோடு இயங்கத் தொடங்கி, எங்கே என்ன குறைகிறது, எங்கே என்ன மிஞ்சுகிறது என்று பார்த்தது. அதற்குப் பிறகுதான் விடுபட்டவர்களின் பெயர்கள் மெல்ல மெல்லக் காகிதத்தில் ஏறின.

இப்போது முன்னே விட்டுவைத்த பண்ணையாளிடம் வருகிறேன். தூரத்தில் இருப்பவன்மேல் இரக்கம் கொள்வது நமக்குச் சுலபமாக இருக்கிறது. நம் வயலில் நிற்பவனிடம் நியாயமாக நடப்பது சுலபமாக இல்லை. 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில், கூடுதல் நெல் கூலி கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அன்னதானத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் பெயர்போன மண்ணில்தான் இது நடந்தது. அன்னதானம் செய்த கைகளுக்கும் கூலியை மறுத்த கைகளுக்கும் இடையே தூரம் அதிகமில்லை என்பதைக் காவிரிப் படுகையில் பிறந்த எவரும் மறக்கக்கூடாது.

அதன்பின் அங்கே வந்து தங்கியவர்கள் கிருஷ்ணம்மாளும் அவருடைய கணவர் ஜெகந்நாதனும். இருவரும் காந்திய வழியினர். வினோபாவின் பூமிதானத்தில் நடந்தவர்கள். கிருஷ்ணம்மாள் ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்து படித்து வந்தவர். எரிந்த ஊருக்கு அவர்கள் கஞ்சித்தொட்டி வைக்க வரவில்லை. நிலமில்லாததுதான் நோய் என்று கண்டு, 1981-இல், உழுபவருக்கு நிலம் என்ற நோக்கத்தோடு, லாப்டி என்ற அமைப்பைத் தொடங்கி, நிலச்சுவான்தார்களிடம் பேசி, வங்கிக் கடன் ஏற்பாடு செய்து, சட்டப்படி விலைக்கு வாங்கிய நிலத்தை நிலமற்ற குடும்பங்களுக்கு, அதுவும் பெண்கள் பெயரில், பதிவு செய்து கொடுத்தார்கள். அப்படிக் கைமாறிய நிலம் 10,000 ஏக்கருக்கு மேல். 2008-இல் சுவீடனின் மாற்று நோபல் என்று சொல்லப்படும் பரிசு அவர்கள் இருவருக்கும் கிடைத்தது. எனக்குத் தெரிந்த எத்தனையோ நிவாரணப் பணிகளைவிட இதை நான் மேலே வைக்கிறேன். காரணம், இங்கே பெற்றுக்கொண்டவர் மறுமுறை கையேந்த வேண்டியதில்லை. பத்திரத்தில் தன் பெயரைப் பார்க்கிற ஒரு நடவுக்காரப் பெண்ணுக்குக் கொடுத்தவர்மேல் நன்றி இருக்கலாம், இல்லாமலும் போகலாம்; நிலம் அவளுடையது.

கொடுக்கிறவர், பெறுகிறவர் என்ற பிரிவு நிலையானதல்ல என்பதை கஜா புயல் எங்களுக்குக் காட்டியது. 2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபோது எங்கள் ஊர்களிலிருந்து அரிசி மூட்டைகளும் போர்வைகளும் போயின. அதே ஆண்டு நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாட்டுப் பக்கத்துத் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்தது. லட்சக்கணக்கான தென்னைகள். தென்னம்பிள்ளை என்று அழைத்து வளர்த்தவர்கள், காய்க்க ஆண்டுகள் பிடிக்கும் மரங்கள் ஒரே இரவில் கிடந்ததைப் பார்த்து வாய்விட்டு அழுதார்கள். கொடுத்தே பழகிய குடும்பங்கள் மெழுகுவத்திக்கும் குடிதண்ணீருக்கும் சாலையோரத்தில் வந்து நின்றன. மின்சாரம் இல்லாததால் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற ஜெனரேட்டரை வாடகைக்குப் பிடித்து ஊர் ஊராக அலைந்தார்கள். அப்போது கேரள மின்வாரியத் தொழிலாளர்கள் வந்தார்கள். சில மாதங்களுக்கு முன் தங்கள் வீட்டுக்குள் சேறு அள்ளியவர்கள் அவர்களில் இருந்திருப்பார்கள். நம் ஊழியர்களோடு சேர்ந்து இடுப்பளவு சேற்றுக்குள் இறங்கிக் கம்பம் நட்டார்கள். மலையாளமும் தமிழும் கலந்த பேச்சில் வேலை நடந்தது. மதியச் சோற்றை அந்தந்தத் தெருவே போட்டது.

அந்த நாட்களிலும் பெருஞ்சாலையில் நின்றவர்களுக்கே முதலில் கிடைத்தது. வெளியூரிலிருந்து வந்த வண்டிகள் முதல் கூட்டத்தைக் கண்டதும் நின்றன, காலியாகித் திரும்பின. சாய்ந்த மரங்களுக்கு அப்பால், வாய்க்கால் மேட்டில் நாலு குடிசை, உப்பளத்துப் பக்கம் பத்துக் குடிசை என்றிருந்த இடங்களுக்கு எதுவும் போகவில்லை. எங்கள் ஊர் இளைஞர்கள் இரண்டாவது வாரத்தில் வண்டி எடுத்தபோது நான் சொன்னது ஒன்றுதான்: தார்ச்சாலை முடிகிற இடத்தில்தான் வண்டியை நிறுத்த வேண்டும், அங்கிருந்து தலைச்சுமையாகப் போக வேண்டும். போனார்கள். போன இடத்தில் அரிசியைவிடத் தார்ப்பாயும் கொசுவத்தியும் கேட்டார்கள். மறுநாள் அதைக் கொண்டுபோனார்கள்.

கடலுக்கு அப்பால் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 2022-இல் இலங்கை பொருளாதார நெருக்கடியில் சிக்கி, அரிசிக்கும் பால்மாவுக்கும் மருந்துக்கும் மக்கள் தவித்தபோது, தமிழ்நாடு அரசு முதலில் அங்குள்ள தமிழர்களுக்கு உதவி அனுப்ப ஒன்றிய அரசின் அனுமதியைக் கேட்டது. இலங்கைத் தமிழ்த் தலைவர்கள், தமிழர்களுக்கு மட்டும் என்று பிரித்து அனுப்பாதீர்கள், எல்லா மக்களுக்கும் அனுப்புங்கள் என்றார்கள். போரின் கொடுமையைத் தாங்கியவர்கள், அந்த நினைவு ஆறாதவர்கள், சிங்களக் குழந்தைக்கும் பால்மா போகட்டும் என்று கேட்டார்கள். 40,000 டன் அரிசி, 500 டன் பால் பவுடர், மருந்துகள் என்று சட்டமன்றத் தீர்மானம் நிறைவேறி, மே மாதம் சென்னையிலிருந்து முதல் கப்பல் புறப்பட்டது. எங்கள் கடற்கரையில் இலங்கைக் கடற்படை பிடித்துப்போன படகுகளைப் பற்றிய வருத்தம் இல்லாத மீனவக் குப்பம் கிடையாது. அந்த வருத்தம் நியாயமானது. அதற்காகப் பேச வேண்டிய இடத்தில் பேசத்தான் வேண்டும். ஆனாலும் அரிசி போகக்கூடாது என்று எங்கள் ஊர்களில் ஒருவரும் சொல்லி நான் கேட்கவில்லை. பாதிக்கப்பட்டவர்களே பிறருக்காகக் கேட்ட அந்தச் சொல்லுக்கு நிகராக, என் வாழ்நாளில் நான் கண்ட அரசியல் சொற்களில் வேறொன்று இல்லை.

கடைசியாக எங்கள் வயல்களுக்கு. சில ஆண்டுகளாகத் தஞ்சை, திருவாரூர், நாகை வயல்களில் மேற்கு வங்கத்திலிருந்து வரும் ஆண்கள் குழுக்குழுவாக நடவு செய்கிறார்கள். ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு, கயிறு பிடித்து வேகமாக நட்டு முடித்து அடுத்த ஊருக்குப் போகிறார்கள். தங்குவது மோட்டார் கொட்டகையிலும் சமுதாயக்கூடத்திலும். காலங்காலமாக நடவுக்குப் போன எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இதனால் வேலை நாட்கள் குறைந்துவிட்டன. அவர்கள் மனத்தாங்கலை இனவெறுப்பு என்று யாரும் எளிதாகப் பெயர்சூட்டிவிடக் கூடாது. வயிற்றுப்பாடு அது.

சென்ற சம்பா நடவில் அந்தக் குழுவில் ஒரு பையனை வரப்பில் பாம்பு தீண்டியது. 108 வண்டி வந்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோயிற்று. எப்போது கடித்தது, கண் சொருகுகிறதா, மூச்சு முட்டுகிறதா என்று மருத்துவர் கேட்பதை உடனிருந்தவர்களால் புரிந்துகொள்ள முடியவில்லை. கடைத்தெருப் பரோட்டாக் கடையில் வேலைசெய்யும் அசாம் இளைஞருக்கு வங்காளம் தெரியும் என்று யாரோ நினைவுபடுத்த, அவரைத் தொலைபேசியில் பிடித்து ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டார்கள். பையன் பிழைத்துக்கொண்டான். மருத்துவமனையில் அன்றிரவு உடனிருந்து அவனுக்குக் கஞ்சி வாங்கிக் கொடுத்தவர், நடவு வேலை போனதைப் பற்றி என்னிடம் பலமுறை குமுறியிருக்கும் எங்கள் தெருப் பெண்மணிதான். "அவங்க அம்மாவுக்குத் தெரிஞ்சா என்ன பாடுபடும்" என்றார். மறுவாரமே, கூலி விஷயத்தில் அவர் குரல் பழையபடிதான் இருந்தது. இரண்டையும் அவர் ஒன்றோடொன்று கலக்கவில்லை. கலக்க வேண்டியதும் இல்லை என்றே நான் நினைக்கிறேன்.

இந்த ஆண்டு நடவு தொடங்குமுன் சில ஏற்பாடுகளைச் செய்துகொண்டிருக்கிறோம். குழுவைக் கூட்டிவரும் மேஸ்திரிகளிடம் ஒவ்வொருவரின் பெயரையும் வீட்டுத் தொலைபேசி எண்ணையும் முன்கூட்டியே வாங்கி ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்துவைக்கிறோம். மருத்துவர் கேட்கும் முக்கியமான கேள்விகளை அந்த அசாம் இளைஞரின் குரலில் பதிவுசெய்து, ஆரம்பச் சுகாதார நிலையத்துச் செவிலியர்களின் கைப்பேசியில் ஏற்றிவிட்டோம். 2020 அக்டோபர் முதல் தமிழ்நாட்டில் வெளிமாநிலக் குடும்ப அட்டைக்கும் ரேஷன் கடையில் அரிசி வாங்க வழி இருக்கிறது. அதை அவர்களிடம் சொல்ல ஆள் வேண்டும். நடவு வேலை இழந்த பெண்களுக்கு அந்தப் பருவத்தில் நூறு நாள் வேலையைத் தடையின்றித் தர வேண்டும் என்ற மனுவும் தயாராகிவிட்டது. அதில் கையெழுத்து வாங்கும் பொறுப்பையும், மோட்டார் கொட்டகைகளுக்குப் போய் ரேஷன் விவரம் சொல்லும் பொறுப்பையும் அந்தத் தெருப் பெண்மணியே ஏற்றுக்கொண்டிருக்கிறார். வரும் திங்கட்கிழமை மனுவோடு வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்குப் போகிறோம்.